முதலில் எது, ‘பார்த்தேன்’ஆ ‘இருந்தது’ஆ? பிரெஞ்சில் நேற்றைய கதை சொல்ல மூன்று வழிகள்

மழை பெய்துகொண்டிருந்தது. தெருவில் ஆளே இல்லை. திடீரென்று ஒரு பூனையைப் பார்த்தேன்.

தமிழில் இதைச் சொல்ல நாம் ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. பிரெஞ்சில் சொல்லப்போனால் முதல் வாக்கியத்திலேயே மாட்டிக்கொள்வோம். ‘இல் ப்லெவே’ என்று தொடங்குவதா, ‘இல் ஆ ப்ல்யு’ என்று தொடங்குவதா? இரண்டும் மழைதான், இரண்டும் இறந்தகாலம்தான். முதலாவது ஆம்பர்ஃபே என்ற வடிவம். மழை பெய்துகொண்டிருக்கிறது, நாம் அதற்குள் நிற்கிறோம். இரண்டாவது பஸே கோம்போஸே. மழை வந்தது, முடிந்தது, கணக்கு மூடியாயிற்று.

நிகழ்காலத்தில் தட்டுத்தடுமாறிப் பேசத் தொடங்கியவர்கள் அடுத்து முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். என்ன பார்த்தாய், எப்படி இருந்தது, என்ன தோன்றியது என்பதுதானே அன்றாட அரட்டையில் பாதி? இதற்கான வாக்கியங்களைக் கற்க மூன்று வழிகள் இருக்கின்றன. வகுப்புகள் போகும் வழியில் பஸே கோம்போஸே முதலில் வரும். இன்னொன்று, ஆம்பர்ஃபேயில் உள்ள சில சட்டகங்களை முதலில் பிடித்துக்கொள்வது. மூன்றாவது, இலக்கணத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஆயத்த வாக்கியங்களை அப்படியே நெட்டுருப் போடுவது. என் ஓட்டு இரண்டாவதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க மற்ற இரண்டிலிருந்தும் கொஞ்சம் கடன் வாங்க வேண்டும்.

பிரெஞ்சு ஒலிகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். ‘ஜெ’, ‘ஜே’ என்று வரும் இடங்களில் நம் ஜகரத்தைவிட மென்மையான ஒலி வரும். ‘ன்’ என்று எழுதியிருக்கும் பல இடங்களில் உண்மையில் மூக்கொலிதான். ரகரம் தொண்டையிலிருந்து வரும். ஆகவே எழுத்தை ஒரு கைகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒருமுறை காதால் கேட்டுவிட்டு வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பு போகும் வழி

பெரும்பாலான பாடப்புத்தகங்கள் பஸே கோம்போஸேயில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ‘என்ன செய்தாய்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இதுதான் வேண்டும். செய்முறையும் சுலபமாகத் தெரியும். ‘அவுவார்’ என்ற துணைவினை, அதன் பின்னால் வினையின் எச்ச வடிவம், அவ்வளவுதான். ‘ஜே வ்யு’ என்றால் பார்த்தேன். ‘ஜே ஆந்தாந்த்யு’ என்றால் கேட்டேன். ‘ஜே மான்ஜே’ என்றால் சாப்பிட்டேன். நம் ‘பார்த்திருக்கிறேன்’ என்பதிலும் ஒரு எச்சமும் ஒரு துணைவினையும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, அதனால் இந்த உருவம் நமக்கு ரொம்ப அந்நியமாக இருக்காது.

வில்லங்கம் சில்லறைகளில் இருக்கிறது. போ, வா, புறப்படு, நுழை, விழு, பிற, இற என்று 15 சொச்சம் வினைகள் அவுவாரை விட்டுவிட்டு ‘எத்ர்’ என்ற வினையைத் துணைக்கு அழைக்கும். தன்னைத்தானே செய்துகொள்வதைச் சொல்லும் வினைகள் எல்லாமும் அப்படியே. எத்ர் வந்துவிட்டால் எழுவாய் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதும் எச்சத்தில் ஒட்டும். பேச்சில் இது பெரும்பாலும் காதிலேயே விழாது, எழுத்தில் மட்டும் மதிப்பெண்ணைத் தின்னும். எச்சங்களும் ஒரு ஒழுங்கில் வருவதில்லை. பார் என்பதற்கு ‘வ்யு’, எடு என்பதற்கு ‘ப்ரி’, வை என்பதற்கு ‘மி’, செய் என்பதற்கு ‘ஃபே’. ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது வேறு ஒன்று. இந்த ஒரு வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு பூனைக் கதையைச் சொன்னால் இப்படி வரும்: ‘இல் ஆ ப்ல்யு. ஜே ரெகார்தே லா ர்யு. ஜே வ்யு அன் ஷா.’ மழை பெய்தது. தெருவைப் பார்த்தேன். பூனையைப் பார்த்தேன். பிழை ஒன்றுமில்லை, ஆனால் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுப்பது போல இருக்கிறது. மழை விட்ட பிறகு பார்த்தீர்களா, மழையிலேயே பார்த்தீர்களா? கேட்பவருக்குத் தெரியாது.

நான் படித்த வகுப்பும் இதே வரிசையில்தான் போனது. நாலு மாதம் கழித்து, பேசிப் பழகுவதற்காக வீடியோவில் சந்திக்கும் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி வாரக்கடைசி எப்படிப் போனது என்று விசாரித்தார். போனேன், பார்த்தேன், வாங்கினேன், திரும்பினேன் என்று அடுக்கினேன். துணைவினை ஒன்றுகூடத் தப்பவில்லை, உள்ளுக்குள் பெருமை வேறு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: ‘எ சேத்தே கொமான்?’ அது சரி, எப்படி இருந்தது? ‘சேத்தே பியான்’, நன்றாக இருந்தது, என்பதற்கு மேல் என்னிடம் ஒரு சொல் இல்லை.

ஆம்பர்ஃபே முதலில்

எப்படி இருந்தது என்ற கேள்விக்கு ஆம்பர்ஃபேதான் பதில் வைத்திருக்கிறது. வியப்பான விஷயம், பாடத்திட்டத்தில் இரண்டாவதாக வரும் இந்த வடிவம் முதலாவதைவிடச் சுலபம். நிகழ்காலத்தில் ‘நாங்கள்’ என்பதற்கு வரும் வினையை எடுத்து, அதன் வாலை வெட்டிவிட்டுப் புது வால் ஒட்டினால் முடிந்தது. மொத்த மொழியிலும் இந்த வழிக்கு அடங்காத வினை எத்ர் ஒன்றுதான். எழுத்தில் ஆறு இடத்துக்கும் ஐந்து விதமான வால்கள் இருந்தாலும் நான், நீ, அவன் அல்லது அவள், அவர்கள் ஆகிய நான்குக்கும் உச்சரிப்பு ஒன்றே, ‘ஏ’. பேச்சில் ‘நாங்கள்’ என்று சொல்லப் பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் ‘ஓன்’ என்ற சொல்லையே எடுப்பார்கள், அதற்கும் அதே ‘ஏ’ போதும். மிச்சம் இருப்பது மரியாதைக்குரிய ‘நீங்கள்’ மட்டும். பார்த்ததைச் சொல்லும்போது அது அதிகம் தேவைப்படாது.

ஆக, வினையை உருட்டிப் பழகுவதில் நேரத்தைச் செலவிடாமல் நேரே சட்டகங்களுக்குப் போய்விடலாம். மூன்று போதும்.

முதலாவது ‘சேத்தே’. அது இன்ன மாதிரி இருந்தது என்பதற்கு. தமிழ்க் காதில் இது முதலில் ‘செத்தே’ என்றுதான் விழும். விழட்டும், அதனாலேயே மறக்காது. ‘சேத்தே கால்ம்’ அமைதியாக இருந்தது. ‘சேத்தே பிஸார்’ என்னவோ போல இருந்தது. ‘சேத்தே பா மால்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘மோசமில்லை’ என்று வரும், ஆனால் ஒரு பிரெஞ்சுக்காரர் வாயிலிருந்து வந்தால் நன்றாகவே பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நம்மூர்ப் ‘பரவாயில்லையே!’ மாதிரி.

இரண்டாவது ‘இல்யாவே’. இன்னது இருந்தது என்பதற்கு. வேகமான பேச்சில் முன்னால் உள்ள ‘இல்’ உதிர்ந்து ‘யாவே’ என்றே கேட்கும், எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் இதில்தான் திணறுவார்கள். ‘யாவே பெர்ஸோன்’ ஆளே இல்லை. ‘யாவே த்யு மோந்த்’ ஒரே கூட்டம். ‘மோந்த்’ என்றால் உலகம். நாம் கூட்டத்தைப் பார்த்து ஊரே திரண்டிருந்தது என்கிறோம், அவர்கள் உலகத்தையே இழுக்கிறார்கள்.

மூன்றாவது ‘இல் ஃபெஸே’. வானிலைக்கும் வெளிச்சத்துக்கும். ‘இல் ஃபெஸே போ’ வெயில் அடித்துப் பளிச்சென்று இருந்தது, ‘இல் ஃபெஸே ஃப்ருவா’ குளிராக இருந்தது, ‘இல் ஃபெஸே நுவார்’ இருட்டாக இருந்தது. எழுத்துக்கூட்டைப் பார்த்தால் ‘ஃபேஸே’ என்று படிக்கத் தோன்றும். இந்த ஒரு இடத்தில் கண்ணை நம்பாதீர்கள்.

இந்த மூன்றும் வாயில் உட்கார்ந்த பிறகு ஐம்புலன்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘ஓன் வுவாயே லா மேர்’ என்றால் கடல் தெரிந்தது. ‘ஓனாந்தாந்தே லெ வான்’ என்றால் காற்றின் சத்தம் கேட்டது. ‘ஸா ஸான்தே போன்’ என்றால் நல்ல வாசனை வந்தது. யார் பார்த்தது, யார் கேட்டது என்று தமிழ் சொல்லாமல் விடுகிறது. பிரெஞ்சு அந்த இடத்தில் ‘ஓன்’ என்று முகம் தெரியாத ஓர் ஆளை நிறுத்திவைக்கிறது.

நான் மிகவும் விரும்புவது ‘போல’ வகையறாவை. ‘இல் அவே லேர் ஃபத்திகே’, பார்த்தால் களைப்பாக இருப்பவர் போலத் தெரிந்தார். ‘ஓனோரே தி கில் தொர்மே’, தூங்குவது போல இருந்தது. இந்த ‘ஓனோரே தி’ உண்மையில் ஒரு நிபந்தனை வடிவம். பார்த்தவர் இப்படித்தான் சொல்லியிருப்பார் என்று நேர்ப்பொருள். பாடத்திட்டப்படி போனால் இதற்கு இன்னும் வெகுகாலம் காத்திருக்க வேண்டும், ஆனால் பார்த்ததைச் சொல்ல இதைவிடக் கைகொடுக்கும் சொற்றொடர் குறைவு. பிரிக்காமல் ஒரே சொல்லாக விழுங்கிவிடலாம்.

இனி அந்த ஓட்டை. ஆம்பர்ஃபே மட்டும் தெரிந்தவர் பூனைக் கதையைச் சொன்னால்: ‘இல் ப்லெவே. யாவே பெர்ஸோன் தான் லா ர்யு. யாவே அன் ஷா.’ மழை பெய்துகொண்டிருந்தது, தெருவில் ஆளில்லை, ஒரு பூனை இருந்தது. படம் அழகாக வந்துவிட்டது. கேட்பவர் தலையை ஆட்டிவிட்டுக் காத்திருப்பார். பிறகு ‘எ அலோர்?’ என்பார். சரி, அப்புறம்? ஆம்பர்ஃபே வந்தாலே இது திரைச்சீலைதான், ஆட்டம் இனிமேல்தான் என்று பிரெஞ்சுக் காது எதிர்பார்க்கிறது. கதையில் இந்த வடிவம் பின்னணியைத் தருகிறது, முன்மேடையில் நடப்பதை வேறு இறந்தகாலம் சொல்கிறது என்று ஹரால்ட் வைன்ரிஷ் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் 1964-இலேயே விரிவாக எழுதினார். குழந்தைகளுக்கான கதைகளும் ‘இல் எத்தே யூன் ஃபுவா’ என்று ஆம்பர்ஃபேயில்தான் திரையை விரிக்கின்றன. நம் ‘ஒரு ஊர்ல’ அங்கே அப்படி. அதற்காகக் கதைப்புத்தகத்தை வைத்து இந்தப் பேச்சுவழக்கைக் கற்கப் போகாதீர்கள். திரை விலகியதும் பஸே ஸாம்ப்ள் என்ற, பேச்சில் யாரும் எடுக்காத எழுத்துவழக்கு வந்து நிற்கும்.

தமிழ் கைகொடுக்கும் இடமும் காலை வாரும் இடமும்

நம்மில் பலர் ஆங்கிலம் வழியாகத்தான் பிரெஞ்சுக்குப் போகிறோம், செயலிகளும் அப்படித்தான் பழக்குகின்றன. இந்த ஒரு விஷயத்தில் அது சுற்றுவழி. ஆங்கிலத்தின் சாதாரண இறந்தகாலம் பெய்தது, பெய்துகொண்டிருந்தது இரண்டுக்கும் பல நேரம் ஒரே வடிவத்தை நீட்டிவிடும். தமிழ் அந்த வேறுபாட்டை வினையிலேயே காட்டிவிடுகிறது. அதனால் தமிழிலிருந்தே நேராகப் போகலாம். பெய்தது என்றால் பஸே கோம்போஸே, பெய்துகொண்டிருந்தது என்றால் ஆம்பர்ஃபே. வெறும் ‘இருந்தது’ என்றாலும் பெரும்பாலும் ஆம்பர்ஃபே. ‘அந்தக் காலத்தில் தினமும் வருவார், திண்ணையில் உட்காருவார்’ என்று எதிர்கால வடிவத்தில் பழைய வழக்கத்தைச் சொல்கிறோம் அல்லவா, அதுவும் ஆம்பர்ஃபேதான். தமிழின் மூன்று உருப்படிகள் பிரெஞ்சில் ஒரே டப்பாவுக்குள் போகின்றன. ‘தெரியும்’ என்ற சொல்லும் நன்றாகப் பொருந்தும். முன்பே தெரிந்திருந்தால் ‘ஜெ ஸாவே’, தெரியவந்தால் ‘ஜே ஸ்யு’.

இந்தக் கணக்கு தவறும் இடங்கள் இரண்டு. இரண்டிலும் நான் பலமுறை விழுந்திருக்கிறேன்.

ஒன்று, கால அளவு. ‘மூன்று நாள் விடாமல் மழை பெய்துகொண்டே இருந்தது’ என்கிறோம். தமிழை நம்பினால் ஆம்பர்ஃபே. ஆனால் பிரெஞ்சில் ‘இல் ஆ ப்ல்யு பான்தான் த்ருவா ஜூர்’ என்று பஸே கோம்போஸே வரும். எவ்வளவு நீண்ட மழையாக இருந்தாலும் சரி, மூன்று நாள் என்று அளந்து இரு பக்கமும் வேலி போட்டுவிட்டால் அது முடிந்த கணக்கு.

இன்னொன்று ‘என்று’. ‘கடை மூடியிருக்கிறது என்று பார்த்தேன்’ என்கிறோம். பார்த்தது நேற்று, ஆனால் ‘என்று’க்கு முன்னால் உள்ள பகுதி நிகழ்காலத்திலேயே நிற்கிறது, தமிழுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. இதை அப்படியே கொண்டுபோனால் ‘ஜே வ்யு கெ சே ஃபெர்மே’ என்று வரும். நேற்றைய கதைக்கு அவர்கள் சொல்வது ‘ஜே வ்யு கெ சேத்தே ஃபெர்மே’. தலைப்பகுதி பஸே கோம்போஸே, ‘கெ’வுக்குப் பிறகு ஆம்பர்ஃபே. ‘ஜே ரெமார்க்கே கில்யாவே…’ என்றால் இன்னது இருப்பதைக் கவனித்தேன். ‘ஜே த்ரூவே கெ சேத்தே லோன்’ என்றால் நீளமாக இருப்பதாகப் பட்டது. ‘ஜே க்ர்யு கெ சேத்தே…’ என்றால் இன்னது என்று நினைத்துவிட்டேன், பிறகு பார்த்தால் இல்லை என்ற தொனியோடு. இந்த இணைப்பு பிடிபட்ட நாளில்தான் எனக்கு இரண்டு வடிவங்களும் எதிரெதிர்க் கட்சிகளாகத் தெரிவது நின்றது. பார்த்த கணம் ஒரு வடிவத்தில், பார்த்த காட்சி மற்றொன்றில், இரண்டுக்கும் நடுவே ஒரு ‘கெ’.

நெட்டுருப் போடும் வழி

மூன்றாவது வழிக்காரர்கள் இலக்கணப் பேச்சையே விரும்புவதில்லை. ஐம்பது வாக்கியங்களை எடுத்துக்கொள், காதால் கேள், வாயால் சொல், தேவைப்படும்போது எடுத்து வீசு என்பார்கள். ஏளனம் செய்ய வேண்டியதில்லை. பேச்சில் வேகம் இந்த வழியில்தான் வருகிறது. சில சொற்றொடர்களை இப்படித்தான் கற்கவும் முடியும். ‘ஜெ மெ ஸ்வி ராந்த்யு கோன்த் கெ…’, அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதில் தன்னைத்தானே செய்துகொள்ளும் வினை, எத்ர், மாறாத எச்சம் என்று மூன்று இலக்கணப் பாடம் ஒளிந்திருக்கிறது. மூன்றையும் படித்துவிட்டு வாய் திறப்பேன் என்றால் உறைப்பதற்குள் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். ‘ஜெ மாத்தாந்தே ஆ பீர்’, இதைவிட மோசமாக இருக்கும் என்று நினைத்தேன். ‘ஸா மா ஸ்யுர்ப்ரி’, எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ‘தா வ்யு?’, பார்த்தியா?

‘ஸா மா ப்ல்யு’ என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது என்று பொருள். பிடித்த பொருள் எழுவாயாக நிற்க, பிடித்த ஆள் ‘எனக்கு’ என்று நாலாம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கும் அமைப்பு அப்படியே தமிழ். மேலே வந்த மழைக்கும் இதே ‘ப்ல்யு’தான் எச்சம். வேறு வேறு வினைகள், எச்சத்தில் மட்டும் ஒரே உருவம். மழை பிடித்தவர்களுக்கு வசதி.

மனப்பாடத்துக்கு இடைவெளி முக்கியம். பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1967-இல் ஒரு கால வரிசையை முன்வைத்தார். புதுச் சொல்லை 5 நொடி கழித்து நினைவுபடுத்து, பிறகு 25 நொடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள் என்று இடைவெளியை விரித்துக்கொண்டே போ என்பது அதன் சாரம். நொடிக்கணக்கை யாரும் கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டாம். பத்து வாக்கியங்களை ஒரே மூச்சில் முப்பது தடவை சொல்வதைவிட, அவற்றை அன்றைய நாள் முழுக்கத் தூவிவிடுவது நல்லது என்று எடுத்துக்கொண்டால் போதும். நினைவட்டைச் செயலிகள் இதைத் தாமாகவே செய்துவிடும்.

ஆனால் காது பழகாமல் மனப்பாடம் மட்டும் செய்தால் வரும் விபத்து ஒன்று இருக்கிறது. ‘ஜே த்ரூவே’, ‘ஜெ த்ரூவே’. முதலாவது பஸே கோம்போஸே, அப்படி எனக்குப் பட்டது. இரண்டாவது ஆம்பர்ஃபே, அப்போதெல்லாம் எனக்கு அப்படிப் பட்டுக்கொண்டிருந்தது. கடைசி ஏகாரத்தில் நுட்பமான வேறுபாடு உண்டு என்று இலக்கணம் சொல்லும், பிரான்சின் தெற்குப் பகுதியில் அந்த வேறுபாடும் இல்லாமலே பேசுவார்கள். ஆக, பொருளைத் தாங்கி நிற்பது தொடக்கத்தில் உள்ள ஜே, ஜெ என்ற குட்டி வித்தியாசம்தான். நெட்டுருக்காரர்கள் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். அதைவிட மோசம், எழுதச் சொன்னால் ‘ஜெ மான்ஜே’ என்று துணைவினையே இல்லாமல் எச்சத்தை மட்டும் எழுதி வைப்பார்கள். நானும் எழுதியிருக்கிறேன். வாயை நன்றாக விரித்து ‘ஜே’, உதட்டைக் குவித்து ‘ஜெ’ என்று கண்ணாடி முன்னால் ஒரு வாரம் நின்றுதான் அது தீர்ந்தது.

இரண்டாவது குறை, ஆயத்த வாக்கியம் ஆயத்தமான இடத்துக்குத்தான் பொருந்தும். பூனை வரும் வாக்கியம் பட்டியலில் இல்லையென்றால் பூனைக் கதையும் இல்லை.

யாருக்கு எது

தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு என் வரிசை சரிப்படாது. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிச் சான்றிதழ்த் தேர்வில், தொடக்கத்திலிருந்து இரண்டாம் படியான ஏ2 நிலையிலேயே ஒரு நிகழ்ச்சியையோ சொந்த அனுபவத்தையோ விவரித்து எழுதச் சொல்வார்கள். அங்கே இரண்டு வடிவங்களும் வேண்டும், எத்ர் துணைவினையோடு வரும் எச்ச ஒட்டுகளும் வேண்டும். அவர்கள் வகுப்பு வழியிலேயே போகட்டும், அட்டவணையை அழுத்தமாகவே படிக்கட்டும். எழுதும் பயிற்சியில் மட்டும், ஒவ்வொரு பத்தியிலும் எப்படி இருந்தது என்று ஒரு வாக்கியம் சேர்க்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டால் வாக்குமூலத் தொனி போய்விடும்.

இரண்டே வாரத்தில் பயணம் என்பவர்களுக்கு நெட்டுரு. யோசிக்கவே வேண்டாம். உணவகத்தில் தட்டை எடுக்க வருபவர் ‘ஸா ஆ எத்தே?’ என்று கேட்பார். எல்லாம் நன்றாக இருந்ததா என்று பொருள். ‘ஏன் இங்கே சேத்தே வரவில்லை?’ என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் அவர் போய்விடுவார். ‘சேத்தே த்ரே போன்’ என்றால் சமாளித்துவிடலாம்.

மற்றவர்களுக்கு, அதாவது நிகழ்காலம் ஓரளவு வந்து, அவசரமில்லாமல், மனிதர்களோடு பேசும் ஆசையில் படிப்பவர்களுக்கு ஆம்பர்ஃபே சட்டகங்கள் முதலில். இரண்டு வாரம் அந்த மூன்றையும் புலன்களையும் ‘போல’வையும் புழங்கிவிட்டு, அப்புறம் பஸே கோம்போஸேயிலிருந்து ஏழெட்டை மட்டும் தலைப்பகுதிகளாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜே வ்யு, ஜே ஆந்தாந்த்யு, ஜே ரெமார்க்கே, ஜே த்ரூவே, ஜே க்ர்யு, ஸா மா ப்ல்யு, ஸா மா ஸ்யுர்ப்ரி. கவனித்தீர்களா, இந்தப் பட்டியலில் எத்ர் துணைவினை வரும் வினை ஒன்றுகூட இல்லை. பார்த்ததைச் சொல்ல அந்த 15 சொச்சம் வினைகள் உடனடியாகத் தேவைப்படுவதில்லை, போனேன் வந்தேன் என்று நகரும்போதுதான் அவை வேண்டும். வகுப்பில் ஒரு மாதத்தைத் தின்னும் பாடத்தைத் தள்ளிப்போட முடிகிறது என்பதே என் ஓட்டுக்கு முக்கியக் காரணம்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. செயலிகள் வாக்கியங்களைத் துண்டு துண்டாகத் தருகின்றன. காட்சி இல்லாத இடத்தில் எந்த வடிவம் என்ற கேள்விக்கே பொருள் இல்லை, அதனால் சொல் சேர்க்க மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளலாம். ஆர்எஃப்ஐ என்ற பிரான்சின் பன்னாட்டு வானொலி எளிய பிரெஞ்சில் 10 நிமிடச் செய்தியை எழுத்து வடிவத்தோடு தருகிறது. காதுக்கு அருமையான பயிற்சி, ஆனால் செய்தி என்பதால் நடந்தது நிறைய, ‘எனக்கு எப்படிப் பட்டது’ குறைவு. பேசத் துணை கிடைத்தால் அதற்கு ஈடு எதுவுமில்லை. கிடைக்காவிட்டால் ராத்திரி படுக்குமுன் நாலு வாக்கியம்: வானம் எப்படி இருந்தது, எங்கே யார் இருந்தார்கள், எதைக் கவனித்தேன், எப்படிப் பட்டது. அதைக் கைப்பேசியில் பேசிப் பதிந்து மறுநாள் கேட்டால் ஜே, ஜெ குழப்பம் உங்கள் காதுக்கே பிடிபடும்.

விடாமல் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு சான்றும் உண்டு. கனடாவில் பல பாடங்களைப் பிரெஞ்சிலேயே படிக்கும் 6-ஆம் வகுப்புப் பிள்ளைகள் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் இந்த இரண்டு வடிவங்களையும் போட்டுக் குழப்புவார்கள். பிர்கிட் ஹார்லி என்ற ஆய்வாளர் அவர்களில் ஒரு பகுதியினருக்கு 8 வாரம் இதற்கென்றே பயிற்சி கொடுத்துப் பார்த்து, முடிவுகளை 1989-இல் வெளியிட்டார். பயிற்சி முடிந்த கையோடு வைத்த தேர்வுகளில் அவர்கள் முந்தினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது மற்ற பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அத்தனை பிரெஞ்சுக்கு நடுவே இருந்த பிள்ளைகளுக்கே இப்படி. எட்டு வாரம் ஓர் அட்டவணையைக் கரைத்துக் குடித்தால் காலத்துக்கும் போதும் என்று நான் இப்போது நம்புவதில்லை. ராத்திரி நாலு வாக்கியம் என்று குறைவாகச் சொன்னதும் அதனால்தான். அவ்வளவு என்றால் ஒரு வருடம்கூட விடாமல் செய்ய முடியும்.

அந்தப் பெண்மணியோடு பேச்சு இன்னும் தொடர்கிறது. போன மாதம் பூனைக் கதையைச் சொன்னேன்.

‘இல் ப்லெவே, யாவே பெர்ஸோன் தான் லா ர்யு. தூத்தாகூ, ஜே வ்யு அன் த்ர்யுக் நுவார். ஜே க்ர்யு கெ சேத்தே அன் ஸாக், மே சேத்தே அன் ஷா.’ மழை பெய்துகொண்டிருந்தது, தெருவில் ஆளே இல்லை. திடீரென்று ஏதோ கறுப்பாகப் பார்த்தேன். பை என்று நினைத்துவிட்டேன், பார்த்தால் பூனை.

‘எ அலோர்?’ என்றார், வழக்கம்போல.

‘அலோர், ரியான். இல் எத்தே மூயே.’ அப்புறம் என்ன, ஒன்றுமில்லை. நனைந்திருந்தது.